பதநீர் கள்ளாவது ஏன்? ஆர்புவா ஒயினும் லூயி பாஸ்டரின் வாழ்க்கையும்

கலயத்துக்குள்ள சுண்ணாம்பு தடவினா பதநீர். தடவாம விட்டா கள். அருப்புக்கோட்டையில இருந்து திருச்சுழி, நரிக்குடிப் பக்கம் பனைமரங்களைப் பார்த்து வளர்ந்த யாருக்கும் இது புதுசு இல்லை. ஒரே மரம், ஒரே பாளை, ஒரே சாறு. நடுவில் ஒரு சுண்ணாம்புப் பூச்சுதான் வித்தியாசம். அது இருந்தால், காலையில் இறக்கியதைப் பச்சைப் பிள்ளைக்கும் ஒரு வாய் கொடுக்கலாம். இல்லையென்றால் போலீஸ் வரும். தமிழ்நாட்டில் கள் இறக்கத்தான் தடை இருக்கே!

சுண்ணாம்பு வேலை செய்யும் என்பது பனையேறிகளுக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரியும். ஆனா, சுண்ணாம்பு எதைத் தடுக்குது? சாற்றுக்குள் அப்படி என்னதான் நடக்குது? இதற்கு விடை கண்டுபிடித்தவர், இந்தியாப் பக்கமே வராத ஒரு பிரெஞ்சுக்காரர். அவருக்கு அந்த விடை பெரிதும் கிடைத்தது, அவருடைய சொந்த ஊரின் சிவப்பு ஒயினில். ஊர் பெயர் ஆர்புவா. அவர் பெயர் லூயி பாஸ்டர்.

ஆமாம், பால் பாக்கெட்டில் நாம் படிக்கும் அந்தப் 'பாஸ்டரைஸ்டு' இவர் பெயர்தான். நாய் கடித்தால் போடும் ஊசியும் இவரில் இருந்துதான் தொடங்குகிறது.

தோல் பதனிடும் வீட்டுப் பையன்

1822 டிசம்பர் 27-ம் தேதி, கிழக்கு பிரான்ஸின் ஜூரா மலைப்பகுதியில் இருக்கும் டோல் என்ற சிறு நகரத்தில் லூயி பிறந்தார். அப்பா ழான்-ஜோசஃப், நெப்போலியனின் படையில் சார்ஜென்ட்டாக இருந்தவர். படையை விட்டு வந்தபின் குடும்பத்தொழிலான தோல் பதனிடுதலுக்குத் திரும்பிவிட்டார்.

தோல் பதனிடுவது எப்படின்னு நம்ம ஊர்ப் பெரியவங்களுக்குத் தெரியும். இங்கே ஆவாரம்பட்டையில் ஊறப்போடுவார்கள். அங்கே ஓக் மரப்பட்டை. பட்டை மாறினாலும் நாற்றம் ஒன்றுதான்!

லூயிக்கு நாலைந்து வயது இருக்கும்போது குடும்பம் ஆர்புவாவுக்குக் குடிவந்தது. குயிஸான்ஸ் என்ற சிற்றாற்றின் கரையில் வீடு. கீழே தோல் தொட்டிகள், மேலே குடும்பம். ஊரைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் திராட்சைத் தோட்டம்.

படிப்பில் பையன் சுமார்தான். ஆனால், படம் நன்றாக வரைவான். 13 வயதில் அம்மாவை வரைந்த வண்ணப்படம் இன்றும் இருக்கிறது. ஊர்க்காரர்கள் இவன் ஓவியனாவான் என்றுதான் நினைத்தார்கள். 1838-ல் மேற்படிப்புக்காகப் பாரிஸுக்கு அனுப்பினார்கள். சில வாரங்கள்கூடத் தாங்கவில்லை. வீட்டு ஏக்கம். அப்பாவின் தோல் தொட்டி நாற்றம்கூட அவனுக்கு ஏக்கமாகிவிட்டது. கடைசியில் அப்பாவே போய்த் திரும்பக் கூட்டிவந்தார். ஹாஸ்டலில் முதல் மாதத்தைத் தாண்டியவர்களுக்கு இது புரியும்.

பிறகு பக்கத்து நகரமான பெஸான்ஸோனில் படித்தான். 1842-ல் அறிவியல் பட்டத் தேர்வில், வேதியியலில் கிடைத்தது சாதாரண மதிப்பீடு. அதே ஆண்டு பாரிஸின் புகழ்பெற்ற எக்கோல் நோர்மால் கல்லூரியின் நுழைவுத்தேர்வில் தேறினான். ஆனால், எதிர்பார்த்த ரேங்க் வரவில்லை என்று சேராமல் விட்டுவிட்டு, மறுபடி ஒரு வருஷம் படித்து, 1843-ல் நல்ல ரேங்குடன் சேர்ந்தான். அந்தக் காலத்து 'ரிப்பீட்டர்' என்று வைத்துக்கொள்ளலாம்.

ரசத்துப் புளியும் ஒயின் பீப்பாயும்

நம்ம வீட்டுப் புளியின் புளிப்புக்குக் காரணம் டார்டாரிக் அமிலம். திராட்சையிலும் அதே அமிலம்தான். ஒயின் பீப்பாயின் உட்சுவரில் கல் மாதிரி படிந்து நிற்பது அந்த அமிலத்தின் உப்பு. பாஸ்டரின் முதல் பெரிய கண்டுபிடிப்பு இந்தப் படிவில் இருந்துதான் வந்தது.

டார்டாரிக் அமிலத்தில் இரண்டு வகை இருப்பதாக அப்போது தெரிந்திருந்தது. ஒன்றின் கரைசலுக்குள் ஒளியை விட்டால், ஒளியின் அதிர்வுத் தளம் ஒரு பக்கம் திரும்பும். இன்னொன்றில் திரும்பாது. ஆனால், ரசாயனக் கணக்கில் இரண்டும் ஒன்றே. எப்படி?

1848-ல், 25 வயதில், பாஸ்டர் அந்த உப்பைப் படிகமாக்கி, உருப்பெருக்கியின் கீழ் ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒளியைத் திருப்பாத உப்பில் இரண்டு விதப் படிகங்கள் கலந்து கிடந்தன. வலது கையும் இடது கையும் போல, ஒன்றின் கண்ணாடி பிம்பம் இன்னொன்று. இடுக்கியால் பொறுக்கித் தனித்தனியாகப் பிரித்துக் கரைத்தார். ஒன்று ஒளியை வலப்பக்கம் திருப்பியது, இன்னொன்று இடப்பக்கம். சேர்ந்து இருக்கும்போது ஒன்றை ஒன்று ரத்து செய்துகொண்டன. அவ்வளவுதான் மர்மம்! மூலக்கூறுக்கும் வலம், இடம் உண்டு என்ற அறிவு இங்கே இருந்துதான் வளர்ந்தது. இன்று மருந்து செய்பவர்களுக்கு அது அடிப்படைப் பாடம்.

அதே 1848-ல் அம்மா இறந்துபோனார். அடுத்த வருஷம் ஸ்ட்ராஸ்பூர்க்கில் மரி லோரானைத் திருமணம் செய்துகொண்டார். வீட்டை நடத்தியதோடு, கணவர் சொல்லச் சொல்ல ஆய்வுக் குறிப்புகளை எழுதியவரும் மரிதான்.

பாஸ்டர் ஊர் மண்ணும் நம்ம கரிசலும்

ஆர்புவா ஒயினைப் பற்றி இப்போ கொஞ்சம் பார்த்துவிடலாம். பிரெஞ்சு ஒயின் என்றால் எல்லோரும் போர்தோ, பர்கண்டி என்பார்கள். ஜூரா அவ்வளவு பிரபலம் இல்லை. பர்கண்டிக்கும் சுவிட்சர்லாந்துக்கும் நடுவில் இருக்கும் மலையடிவாரம் அது.

அங்கே சிவப்பு ஒயினுக்கு மூன்று திராட்சைகள். முதலாவது பூல்ஸார். தோல் ரொம்ப மெல்லிசு. அதனால் ஒயினின் நிறமும் வெளிறிய சிவப்பாகவே வரும். இரண்டாவது ட்ரூஸோ. இதற்குச் சூடு வேண்டும். அதனால் வெயில் நன்றாக விழும் சரளை நிலம் பார்த்து நடுவார்கள். மூன்றாவது பினோ நுவார், பர்கண்டியின் திராட்சை. மண், களியும் சுண்ணாம்பும் கலந்தது. நீலச்சாம்பல் நிறக் களிமண் பல இடங்களில் உண்டு.

நம்ம கரிசலும் களிதான். மழையில் உப்பி, காலில் அப்பி, செருப்பைப் பிடுங்கும். கோடையில் பாளம் பாளமாக வெடிக்கும். தோண்டினால் சுண்ணாம்புக்கல் உருண்டைகளும் வரும். மண்ணை மட்டும் பார்த்தால் தூரத்து உறவு என்றே சொல்லலாம்.

வானம்தான் வேறு. ஆர்புவாவில் வருஷத்துக்கு 1,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை, அதுவும் எல்லா மாதமும் பரவலாக. இங்கே 800 சொச்சம். அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டிவிடும். கண்மாய் நிறைந்தால் உண்டு, இல்லாட்டி இல்லை. அங்கே குளிர்காலத்தில் பனி பெய்யும், கொடி இலை உதிர்த்துத் தூங்கும். வசந்தத்தில் துளிர்த்து, செப்டம்பர், அக்டோபரில் ஒரே ஓர் அறுவடை. துளிர்க்கும் நேரத்தில் ஒருநாள் ராத்திரி உறைபனி விழுந்தால் அந்த வருஷ வருமானம் போச்சு. மழை பொய்த்தால் பருத்தி போகிற மாதிரி.

நமக்குப் பக்கத்தில் திராட்சை பார்க்கணும்னா தேனி மாவட்டம் கம்பம் பள்ளத்தாக்குதான். அங்கே பனி இல்லை, கொடிக்குத் தூக்கமும் இல்லை. அதனால் கவாத்து செய்யச் செய்யக் காய்த்து, வருஷம் முழுக்க எங்காவது ஒரு தோட்டத்தில் அறுவடை நடக்கும். அந்தப் பன்னீர் திராட்சைக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. 1832-ல் ஒரு பிரெஞ்சுப் பாதிரியார்தான் அதை இங்கே கொண்டுவந்தார் என்று சொல்வார்கள்.

புவிசார் குறியீடு என்ற யோசனைக்கு முன்னோடி, பிரான்ஸின் ஊர்ப்பெயர் முத்திரைச் சட்டம். அந்தச் சட்டத்தின் கீழ் 1936-ல் முதன்முதலாக அங்கீகாரம் பெற்ற ஒயின்களில் ஒன்று, ஆர்புவா.

கெட்டுப்போன ஒயின்

1854-ல் பாஸ்டர் லில் நகரத்துக் கல்லூரியில் அறிவியல் புலத்தின் தலைவரானார். பீட்ரூட்டில் இருந்து சாராயம் காய்ச்சும் ஆலைகள் நிறைந்த ஊர் அது. 1856-ல் ஒரு மாணவனின் தந்தை உதவி கேட்டு வந்தார். அவருடைய ஆலையில் சில தொட்டிகள் மட்டும் புளித்துப்போய்க்கொண்டிருந்தன.

பாஸ்டர் ஆலைக்கே போய், சொட்டுச் சொட்டாக எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். நல்ல தொட்டியில் உருண்டையான ஈஸ்ட் செல்கள் தெரிந்தன. கெட்டதில் வேறு வடிவங்கள். 1857-ல் பால் புளிப்பதைப் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். புளித்தல் என்பது வெறும் ரசாயனச் சிதைவு இல்லை. கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் செய்கிற வேலை. ஒவ்வொரு புளிப்புக்கும் ஒவ்வோர் உயிர். தயிர் ஆவதும் இட்லி மாவு பொங்குவதும் பதநீர் கள்ளாவதும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன.

அப்போ அந்த உயிர்கள் எங்கே இருந்து வருது? சாற்றுக்குள் தானாகவே பிறக்கின்றன என்றே பலர் நம்பினார்கள். 1860-ல் பாஸ்டர், கொதிக்கவைத்த ஈஸ்ட் சாறு அடைத்து மூடிய குடுவைகளோடு கிளம்பினார். ஆர்புவாவுக்குப் பக்கத்து வெட்டவெளியில் 20 குடுவைகளைத் திறந்து மூடினார். 8 கெட்டன. பூப்பே மலையில் 20-ல் 5. ஆல்ப்ஸ் மலையின் பனியாற்றின் மேல் 20-ல் ஒன்றே ஒன்று. காற்றில் தூசு குறையக் குறைய, கெடுவதும் குறைந்தது. சாறு தானாகக் கெடுவதில்லை, வெளியில் இருந்து வருவது கெடுக்கிறது.

இந்த நேரத்தில் பிரான்ஸுக்கு ஒரு தலைவலி. இங்கிலாந்தோடு வியாபார ஒப்பந்தம் போட்டாகிவிட்டது. ஆனால், கப்பலில் போகும் ஒயின் வழியிலேயே கெடுகிறது. சிலது காடியாகிறது, சிலது கசக்கிறது, சிலது எண்ணெய் மாதிரி வழவழக்கிறது. 1863-ல் பேரரசர் மூன்றாம் நெப்போலியன், காரணத்தைக் கண்டுபிடிக்கச் சொல்லிப் பாஸ்டரைக் கேட்டுக்கொண்டார்.

பாஸ்டர் நேராகப் போனது ஆர்புவாவுக்கு. ஊர்க்காரர்கள், பள்ளித் தோழர்கள் எல்லோரும் தங்கள் நிலவறையின் ஒயினைக் கொண்டுவந்து கொடுத்தார்கள். கருவிகளை உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் செய்துகொடுத்தார்கள். நல்ல ஒயின், கெட்ட ஒயின் என்று பார்க்கப் பார்க்க, ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு தனிக் கிருமி இருப்பது தெரிந்தது. கடைசியில் ருசி பார்க்காமலேயே, ஒரு சொட்டை மைக்ராஸ்கோப்பில் வைத்து, இது கசக்கும், இது புளிக்கும் என்று சொல்லும் அளவுக்கு வந்துவிட்டார்.

சரி, நிறுத்துவது எப்படி? காற்றுப் புகாத பாட்டிலில் வைத்து 50 முதல் 60 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கினால் போதும். கொதிக்கவைக்க வேண்டாம். கெடுக்கும் கிருமிகள் அடங்கிவிடும். உணவைப் பாட்டிலில் அடைத்துச் சூடாக்கும் முறையை நிக்கோலா அப்பேர் என்பவர் ஏற்கெனவே கண்டிருந்தார். எதற்காக, எவ்வளவு சூடு என்ற காரணத்தைச் சொன்னதுதான் பாஸ்டரின் பங்கு. 1865-ல் காப்புரிமை எடுத்தார். பிறகு அதை வைத்துக் காசு பார்க்காமல், எல்லோரும் பயன்படுத்தட்டும் என்று விட்டுவிட்டார்.

ஒயின்காரர்கள் லேசில் நம்பவில்லை. சூடு பட்டால் ருசி போய்விடும் என்றார்கள். ருசி நிபுணர்களைக் கூட்டிவைத்துச் சோதித்தபோது, பாஸ்டர் ஒருமுறை ஒரே ஒயினையே இரண்டு கோப்பையில் ஊற்றிக் கொடுத்ததாகவும், அவர்கள் அதிலும் வித்தியாசம் கண்டுபிடித்ததாகவும் சொல்வார்கள். அப்புறம் கப்பற்படையே சோதித்துப் பார்த்தது. மாதக்கணக்கில் கடலில் சுற்றி வந்தபின், சூடாக்கிய ஒயின் கெடாமல் இருந்தது.

வேடிக்கை என்னவென்றால், இன்று உயர்ந்த ரக ஒயின்களைப் பெரும்பாலும் யாரும் பாஸ்டரைஸ் செய்வதில்லை. சுத்தமான தொட்டி, வடிகட்டல், கந்தகம் என்று வேறு வழிகள் வந்துவிட்டன. ஒயினுக்காகப் பிறந்த முறை பாலுக்குப் போய்விட்டது. பாலில் அதைச் செய்யலாம் என்று 1886-ல் சொன்னவர் ஃபிரான்ஸ் ஃபோன் சோக்ஸ்லெட் என்ற ஜெர்மானிய வேதியியலாளர். ஆனாலும் பெயர் பாஸ்டருடையதாகவே நின்றுவிட்டது.

மூன்று சின்னச் சவப்பெட்டிகள்

வெற்றிகளை மட்டும் சொன்னால் இந்த மனிதரின் கதை முழுசாகாது.

பாஸ்டருக்கு ஐந்து குழந்தைகள். மூத்தவள் ழான், 1859 செப்டம்பரில் ஆர்புவாவில் டைஃபாய்டு வந்து இறந்தாள். வயது 9. 1865 ஜூனில் அப்பா ழான்-ஜோசஃப் இறந்தார். பட்டுப்புழு நோயை ஆராய தென் பிரான்ஸுக்குப் போயிருந்தபோது சேதி வந்தது. ஓடிவந்தும் முகம் பார்க்க முடியவில்லை. அதே செப்டம்பரில் இரண்டு வயதுக் கடைக்குட்டி கமீய் போனாள். 1866 மே மாதம் 12 வயது செஸீல், அதே டைஃபாய்டில் போனாள். அவருடைய ஒயின் புத்தகம் வெளிவந்த வருஷமும் அதுதான்.

டைஃபாய்டும் ஒரு கிருமியின் வேலைதான். ஆனால், அந்தக் கிருமியை மைக்ராஸ்கோப்பில் முதன்முதலாகப் பார்த்தது 1880-ல். ஒயினில் இருக்கும் கிருமியைப் பெயர் சொல்லிக் கூப்பிடத் தெரிந்த மனிதரால், மகள்களைக் கொன்றதை அடையாளம் காண முடியவில்லை. ஒயினுக்குக் கிருமியால் நோய் வரும் என்றால் மனிதனுக்கும் அப்படித்தானே என்ற எண்ணம் அவருக்குள் இருந்துகொண்டே இருந்தது. அவருக்கு அது வெறும் ஆய்வுக் கேள்வியாக இருந்திருக்க முடியாது.

1868 அக்டோபரில் பக்கவாதம். இடது பக்கம் விழுந்துவிட்டது. வயது 45. பிழைப்பாரா என்றே சந்தேகப்பட்டார்கள். பிழைத்தார். இடது கை கடைசிவரை சரியாகவில்லை. அவருடைய மிகப்பெரிய வேலைகள் இதற்குப் பிறகுதான் நடந்தன. குடுவையைப் பிடிக்கவும் ஊசி போடவும் அவருக்கு உதவியாளர்களின் கைகள் வேண்டியிருந்தன.

கொடிக்கு ஒரு கண்ணாடி வீடு

1870-களில் பாஸ்டர், ஆர்புவாவுக்குப் பக்கத்தில் ரோஸியேர் என்ற இடத்தில் சின்னதாக ஒரு திராட்சைத் தோட்டம் வாங்கினார். உலகப் புகழ் வந்த பிறகும் கோடை விடுமுறைக்கு அவர் போனது அப்பா வீட்டுக்குத்தான்.

1878-ல் அவருக்கு ஒரு சங்கடம். பாஸ்டரின் நண்பரும் பெரிய உடலியல் அறிஞருமான க்ளோத் பெர்னார் அந்த பிப்ரவரியில் இறந்தார். அவர் விட்டுப்போன குறிப்புகளை நண்பர்கள் அச்சிட்டார்கள். அதில் ஒரு குண்டு இருந்தது. திராட்சைச் சாறு ஒயினாவதற்கு ஈஸ்ட் உயிர் தேவையில்லை, பழுத்த சாற்றிலேயே அந்தச் சக்தி இருக்கிறது என்ற கருத்து. பாஸ்டரின் 20 வருஷ உழைப்பின் அடித்தளத்திலேயே கை வைத்த மாதிரி ஆயிற்று. எதிர்த்துப் பேச நண்பரும் உயிரோடு இல்லை.

வாதாடுவதை விட்டுச் செய்து காட்டினார் பாஸ்டர். பாரிஸில் இருந்து கண்ணாடிச் சட்டங்களை அவசரமாக வரவழைத்தார். காய் பச்சையாக இருக்கும்போதே சில கொடிகளைச் சுற்றிக் கண்ணாடி வீடு கட்டினார். அதற்குள் இருந்த சில குலைகளைச் சுத்தப்படுத்திய பஞ்சால் சுற்றினார். பழத்தோலில் ஈஸ்ட் வந்து ஒட்டுவது பழுக்கும் பருவத்தில்தான், அதற்கு முன்பே கதவைச் சாத்திவிட்டால் ஈஸ்ட் வராது, ஈஸ்ட் வராவிட்டால் சாறு நுரைக்காது. இதுதான் கணக்கு.

அக்டோபரில் பழங்களைப் பறித்துப் பிழிந்தார்கள். வெளியே வெயிலில் கிடந்த பழத்தின் சாறு ஓரிரு நாளில் நுரைத்தது. பஞ்சுக்குள் இருந்த பழத்தின் சாறு அப்படியே இனிப்பாக நின்றது. மீதிக் குலைகளை ரயிலில் பாரிஸுக்குக் கொண்டுபோனார்கள். ஆடாமல் அசையாமல் அவற்றைப் பார்த்துக்கொண்டவர்கள் மனைவியும் மகளும். அறிவியல் அகாதமியில் குலைகளை வைத்து, யார் வேண்டுமானாலும் பிழிந்து பார்க்கலாம் என்று விட்டுவிட்டார்.

அது 1878. இங்கே சென்னை மாகாணம் தாது வருஷப் பஞ்சத்தில் இருந்து அப்போதுதான் எழுந்துகொண்டிருந்தது. அடுத்த வருஷ டிசம்பரில், திருச்சுழியில் பூமிநாதர் கோயில் தெருவாசிகள் ஒரு குழந்தையின் அழுகையைக் கேட்டார்கள். ரமண மகரிஷி என்று பிற்காலத்தில் உலகம் அறிந்த குழந்தை அது. நம்ம ஊர் வரலாற்றின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பாஸ்டர் காலம் ஒன்றும் அவ்வளவு தூரம் இல்லை.

இந்தக் கதைக்கு ஒரு பின்குறிப்பும் உண்டு. 1897-ல் எடுவார்ட் புக்னர் என்ற ஜெர்மானியர், ஈஸ்ட்டை அரைத்துப் பிழிந்த, உயிரில்லாத சாறே சர்க்கரையை ஆல்கஹாலாக மாற்றுவதைக் காட்டினார். வேலையைச் செய்வது ஈஸ்ட்டுக்குள் இருக்கும் நொதி. 1907-ல் அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. திராட்சைக்கு ஈஸ்ட் வெளியில் இருந்துதான் வரவேண்டும் என்பதில் பாஸ்டர் சரி. அந்த வேலைக்கு ஈஸ்ட் உயிரோடுதான் இருக்கவேண்டும் என்பதில் அவர் சரியில்லை.

பூச்சி வந்தது, தோட்டம் போனது

பாஸ்டர் ஒயினைக் காப்பாற்றிக்கொண்டிருந்த அதே காலத்தில், கொடியின் வேரையே தின்னும் ஒரு பூச்சி பிரான்ஸுக்குள் நுழைந்திருந்தது. பெயர் ஃபில்லோக்ஸெரா. அமெரிக்காவில் இருந்து வந்த கொடிகளோடு சேர்ந்து வந்த சின்னப் பூச்சி. தெற்கில் தொடங்கி ஊர் ஊராகத் தின்றுகொண்டே ஜூராவுக்கும் வந்துசேர்ந்தது.

இதற்குச் சூடாக்கலும் உதவாது, மைக்ராஸ்கோப்பும் உதவாது. கடைசியில் கிடைத்த தீர்வு ஒட்டுக்கட்டுதல். அந்தப் பூச்சியைத் தாங்கும் அமெரிக்க வேர்மேல் பிரெஞ்சுக் கொடியை ஒட்டுப்போட்டார்கள். மாங்கன்றில் ஒட்டுக்கட்டுகிற அதே யோசனைதான்.

ஜூராவில் 19-ம் நூற்றாண்டில் சுமார் 20,000 ஹெக்டேர் இருந்த தோட்டம், இன்று 2,000 ஹெக்டேர் அளவில்தான் இருக்கிறது. பூச்சியோடு போர்களும், ரயிலில் வந்து இறங்கிய தெற்கத்தி மலிவு ஒயினும் சேர்ந்து அடித்த அடி. கரிசலில் கம்பும் வரகும் பருத்தியும் போட்ட நிலங்கள் சீமைக்கருவேலத்துக்குப் போனதைப் பார்த்தவர்களுக்கு, அந்த ஊர்க்காரர்களின் வலி சொல்லாமலே தெரியும்.

ஆனாலும் விழா நிற்கவில்லை. செப்டம்பர் முதல் ஞாயிறு ஆர்புவாவில் 'பியூ' என்ற திருவிழா. ஊரார் கொடுத்த குலைகளைச் சேர்த்துக் கட்டிய ஒரு ராட்சசக் குலையை, தோளில் சுமந்து தேவாலயத்துக்கு ஊர்வலமாகக் கொண்டுபோவார்கள். நம்ம ஊரில் முளைப்பாரி தூக்குற மாதிரி. பாஸ்டரும் அதில் ஆசையாகக் கலந்துகொள்வார்.

ஒயினில் தொடங்கி நாய்க்கடி வரை

பாஸ்டருக்கு எட்டு வயதில், 1831-ல், ஆர்புவாப் பக்கம் ஒரு வெறிபிடித்த ஓநாய் பலரைக் கடித்தது. கடிபட்டவர்களைக் கொல்லன் பட்டறைக்குக் கூட்டிவந்து, பழுக்கக் காய்ச்சிய இரும்பால் காயத்தில் சுட்டார்கள். அப்படியும் பலர் செத்தார்கள். அந்த வயதில் கேட்ட அலறல் மறக்குமா?

கோழிக் காலரா, ஆடுமாடுகளின் அடைப்பான் நோய் என்று தடுப்பூசி ஆய்வில் முன்னேறிய பாஸ்டர், வெறிநாய்க்கடிக்கு வந்தார். 1885 ஜூலை 6-ம் தேதி, அல்ஸாஸ் பகுதியில் இருந்து ஒன்பது வயது ஜோசஃப் மைஸ்டரை அவன் அம்மா கூட்டிக்கொண்டு வந்தார். உடம்பெல்லாம் நாய்க்கடி. பாஸ்டர் டாக்டர் இல்லை, ஊசி போட அவருக்குச் சட்டப்படி அனுமதி இல்லை. டாக்டர் க்ரான்ஷே போட்டார். சுமார் பத்து நாளில் 13 ஊசி. பையன் பிழைத்துக்கொண்டான்.

அடுத்து வந்தவன் ஜூராக்காரன். ஆர்புவாவுக்குப் பக்கத்து ஊரின் ஆட்டிடையன் ழான்-பாட்டிஸ்ட் ஜுப்பீய், வயது 15. சின்னப் பையன்கள்மேல் பாய்ந்த வெறிநாயைத் தனியாளாக மறித்து, சாட்டையால் அதன் வாயைக் கட்டி, மரச்செருப்பால் அடித்தே கொன்றவன். கையெல்லாம் கடி. அவனும் பிழைத்தான். நாயோடு அவன் போராடும் சிலை இன்றும் பாரிஸின் பாஸ்டர் நிறுவனத்தில் நிற்கிறது.

அந்த நிறுவனம் 1888-ல் திறக்கப்பட்டது. அதே வழியில் இந்தியாவில் 1900-ல் கசௌலியிலும், 1907-ல் நம்ம குன்னூரிலும் பாஸ்டர் நிறுவனங்கள் வந்தன. குன்னூர் வருவதற்கு முன், தெற்கே நாய் கடித்தவர்கள் இமயமலை அடிவாரம் வரை ரயிலில் போகவேண்டியிருந்தது.

நோட்டுப்புத்தகம் சொன்ன இன்னொரு கதை

பாஸ்டர் தன் ஆய்வுக் குறிப்பேடுகளை யாருக்கும் காட்டவேண்டாம் என்று குடும்பத்திடம் சொல்லியிருந்தார். 1970-களில்தான் அவை பொதுப் பார்வைக்கு வந்தன. அதைப் படித்த ஆய்வாளர் ஜெரால்ட் கைசன், 1995-ல் சில சங்கடமான விஷயங்களை எழுதினார். 1881-ல் ஊரைக் கூட்டிச் செம்மறி ஆடுகளுக்கு அடைப்பான் ஊசி போட்டுக்காட்டிய புகழ்பெற்ற சோதனையில், பாஸ்டர் பயன்படுத்தியது அவர் எல்லோரும் நம்பும்படி விட்ட முறை இல்லை. போட்டியாளர் தூஸ்ஸானின் வழிக்கு நெருக்கமான ரசாயன முறை. மைஸ்டருக்குப் போட்ட ஊசிமுறையையும், அதற்கு முன் விலங்குகளில் அவர் சொன்ன அளவுக்குச் சோதித்திருக்கவில்லை.

ஊசி வேலை செய்தது உண்மை. உயிர்கள் பிழைத்ததும் உண்மை. ஆனா, பெருமையைப் பங்கு போடுவதில் அவர் கஞ்சர் என்பதும் உண்மை. பாடப்புத்தகத்தில் தாடியோடு முறைத்துப் பார்க்கும் அந்தப் படத்தைவிட, இதெல்லாம் சேர்ந்த மனிதர்தான் நமக்குப் பக்கத்தில் வருகிறார்.

1895 செப்டம்பர் 28-ம் தேதி, 72 வயதில் பாஸ்டர் இறந்தார். உடல் பாரிஸில் அவருடைய நிறுவனத்தின் நிலவறையில் இருக்கிறது. குயிஸான்ஸ் ஆற்றங்கரை வீடு இப்போது அருங்காட்சியகம்.

சுண்ணாம்பு எதைத் தடுக்குது?

இப்போ நம்ம கலயத்துக்கு வரலாம். பனஞ்சாறு முழுக்கச் சர்க்கரை. காற்றிலும் பூச்சிகளின் காலிலும் பழைய கலயத்தின் சுவரிலும் ஈஸ்ட் இருக்கு. சாறு சொட்டச் சொட்ட அது சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலை விடுது. கூடவே பாக்டீரியா வந்து புளிக்கவைக்குது. சுண்ணாம்பு தடவினால் சாறு காரத்தன்மை அடைந்துவிடும். அதில் இந்த உயிர்களால் பெருக முடியாது. பாஸ்டர் சூட்டை வைத்துச் செய்ததை, பனையேறி சுண்ணாம்பை வைத்துச் செய்கிறார். மைக்ராஸ்கோப் இல்லாமலே!

இன்னொன்றும் நினைவில் இருக்கட்டும். இந்தக் கதையில் உங்கள் உயிரோடு நேராகத் தொடர்புள்ளது ஒயினும் இல்லை, பதநீரும் இல்லை. தெருநாய் கடித்தால், சின்னக் கீறல்தானே என்று மஞ்சள்தூளை அப்பிவிட்டு இருந்துவிடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிஷம் காயத்தைக் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போங்கள். ஊசி இலவசம். சொன்ன தேதிகளில் எல்லா ஊசியையும் போட்டு முடியுங்கள். வெறிநோயின் அறிகுறி வந்துவிட்டால் இன்றைக்கும் காப்பாற்றுவது கிட்டத்தட்ட முடியாத காரியம். அறிகுறி வருவதற்கு முன்னால் கிடைக்கும் அந்தக் கொஞ்சநாள் அவகாசத்தைத்தான், ஆர்புவாவின் தோல்காரர் மகன் நமக்கு ஆயுளாக மாற்றிக் கொடுத்திருக்கிறார்.